காருக்குப் போட்ட ஷெட்டும் காணாமல் போன எர்த்தும்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன புரட்டாசியில் 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன மின்சாரக் கார் வாங்கினேன். பள்ளிக்குப் போக வர 44 கிலோமீட்டர். மாசி வரை ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்ததிலிருந்து, வண்டியோடு கொடுத்த சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. ஷோரூமில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏறுகிறது, கும்பகோணத்தில் தம்பி வீட்டிலும் ஏறுகிறது. நடுவில் ஒரு நாள் நல்ல கோடை மழை. அதற்கப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே ஒழுங்காக ஏறியது, பிறகு பழைய கதைதான். இந்தக் காருக்காகவே வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க கான்கிரீட் தளம் போட்டு, ஷெட் கட்டி, அதற்கு வேறு செலவு. ஊர் எலக்ட்ரீஷியன், பிளக் பாயின்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமனார் வந்த விலைக்கு விற்றுவிடச் சொல்கிறார். கரண்ட் பில்லும் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, இது கட்டுப்படியாகுமா? கஜா மாதிரி ஒரு புயல் வந்தால் இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்:

டீச்சர், முதலில் அவசரமான விஷயம். அந்தச் சின்ன வயரை மட்டும் போட விடாதீர்கள். உங்கள் கடிதம் வந்து நான் பதில் எழுதுவதற்குள் போட்டுவிட்டார் என்றால், மெயினை அணைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டு இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வண்டியை விற்க வேண்டாம். அதில் கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஷோரூமில் ஏறுகிறது, தம்பி வீட்டில் ஏறுகிறது, உங்கள் வீட்டில் மட்டும் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டைத்தான். இதை ஷோரூம்காரர்களே சொல்லியிருக்கலாம். அவர்கள் வேலை வண்டியோடு முடிந்துவிடுகிறது, உங்கள் வீட்டு வயரிங் ஈ.பி.காரர்கள் வேலையும் இல்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. நடுவில் மாட்டிக்கொண்டு நீங்கள் முழிக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் கோடு போட்டு வைத்தேன். ஒன்று, மழைக்கு அப்புறம் மூன்று நாள் ஏறியது என்பது. இன்னொன்று, கிழக்குப் பக்கம் முழுக்க கான்கிரீட் தளம் போட்டோம் என்பது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தக் காவிரி டெல்டா மாவட்டங்களில் வீடு வீடாக வயரிங் பார்த்தவனுக்கு இந்த இரண்டு வரி போதும். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற உங்கள் வீட்டு எர்த் குழி காய்ந்துவிட்டது. பெரும்பாலும் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் குழி எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மீட்டர் பெட்டிக்குக் கீழே, சுவரை ஒட்டி, இல்லாவிட்டால் அடுப்படித் தண்ணீர் வெளியே போகிற இடத்தில். அந்தக் காலத்து வயர்மேன் தெரிந்துதான் அங்கே போட்டார். ஒரு குழாயை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் கை கால் கழுவுகிற தண்ணீரும் அங்கேயே விழும். யாரும் கவனிக்காமலே அந்த இடம் வருடம் பூராவும் ஈரமாக இருக்கும். எர்த் என்பது ஈர மண்ணோடு குழாய்க்கு இருக்கிற தொடர்புதான், வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

நம்முடையது களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் இதைவிட நல்ல எர்த் கிடைக்கிற மண் தமிழ்நாட்டில் குறைவு. தண்ணீர் நிற்கும், மண் குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சம்பா அறுவடை முடிந்து, வாய்க்கால் வறண்டு, பங்குனி வெயில் ஏறியதும் அதே களிமண் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். வயலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அதே வெடிப்பு குழாயைச் சுற்றியும் விடுகிறது. மண் சுருங்கிக் குழாயை விட்டு விலகிவிடும், நடுவில் காற்றுதான் இருக்கும். மணற்பாங்கான ஊர்களில் இந்த அளவுக்கு மண் சுருங்காது.

உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். புரட்டாசியில் தளம் போட்டீர்கள். அப்போது மழைக்காலம், அடியில் ஈரம் இருந்தது. தை, மாசி வரை அந்த ஈரத்தில் ஓடியது. வழக்கமாக அங்கே விழுந்துகொண்டிருந்த தண்ணீரைத் தளம் போடும்போது குழாய் வைத்து வேறு பக்கம் திருப்பியிருப்பீர்கள். மேலே ஷெட் வேறு. ஆக, காருக்காகப் போட்ட தளமே கார் கேட்கிற எர்த்தைக் காய வைத்துவிட்டது. நல்ல மழை பெய்த அன்று பக்கவாட்டிலிருந்து ஈரம் ஊறி உள்ளே போனது, மூன்று நாள் தாங்கியது.

"எர்த் இல்லை என்றால் மிக்ஸி ஓடுகிறதே, பிரிட்ஜ் ஓடுகிறதே, காருக்கு மட்டும் என்ன?" என்று மாமனார் கேட்பார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் இது. மிக்ஸியும் பிரிட்ஜும் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, கரண்ட் வருகிற பேஸும் அது திரும்பிப் போகிற நியூட்ரலும் இருந்தால் ஓடும். உங்கள் சார்ஜர் கேபிளின் நடுவில் இருக்கிற பெட்டிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. ஒவ்வொரு தடவை பிளக்கைச் சொருகும்போதும் முதல் வேலையாக எர்த்தைச் சோதித்துப் பார்க்கும். சரியில்லை என்றால் வண்டிக்குக் கரண்ட்டே விடாது. ஏனென்றால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு உடம்பை, எட்டு மணி நேரம், ஈரத் தரையில் வெளியே நிறுத்தி வைத்துக் கரண்ட் கொடுக்கிற வேலை அது. அந்தக் கதவைத் தொடப் போவது நீங்களோ உங்கள் பிள்ளைகளோ.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். இதற்கு முந்தைய கோடைகளில், வெறுங்காலோடு நின்று கிரைண்டரையோ பிரிட்ஜ் கைப்பிடியையோ தொட்டபோது 'சுர்ர்' என்று கை கூசியதுண்டா? உண்டு என்றால், உங்கள் வீட்டு எர்த் கோடையில் காணாமல் போவது இது முதல் தடவை இல்லை. கார் வந்து சொல்கிற வரைக்கும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சின்ன வயருக்கு வருகிறேன். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்டுக்குள் இணைத்தால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும், சார்ஜும் ஏறும். உங்கள் எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. சார்ஜர் பெட்டி எர்த்தைத் தேடுகிறது, நியூட்ரலை எர்த் என்று காட்டி ஏமாற்றிவிடுகிறார். கரண்ட் போஸ்டிலிருந்து வருகிற நியூட்ரல் நன்றாக இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. அது அறுந்தால் அல்லது ஜம்பரில் (போஸ்டில் கம்பிகளை இணைக்கிற துண்டு வயரில்) லூஸ் ஆனால்தான் வினை. ஆடிக் காற்றில் நம் ஊர்க் கம்பிகள் ஆடுகிற ஆட்டம் உங்களுக்குத் தெரியும். நியூட்ரல் அறுந்த நேரத்தில் வீட்டில் ஒரு பல்போ மின்விசிறியோ போட்டிருந்தால், பேஸ் அதன் வழியாக வீட்டு நியூட்ரல் வயருக்கு வந்துவிடும். திரும்பிப் போக வழி இல்லாததால் அங்கேயே நிற்கும். நீங்கள் போட்ட சின்ன வயர் அதைப் பிளக்கின் எர்த் முனைக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து கேபிள் வழியாகக் காரின் உடம்புக்கு. உண்மையான எர்த் காய்ந்து கிடப்பதால் அதை இழுத்து மண்ணில் விட ஆளில்லை. வீட்டில் விளக்கு எரியாது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து கார் கதவில் கை வைப்பீர்கள்.

இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை. சில வருடங்களுக்கு முன் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு, "கரண்ட் இல்லை, ஆனால் பிரிட்ஜ் அடிக்கிறது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் பிளக்கில் இதே இணைப்பு. வாசல் போஸ்டில் நியூட்ரல் கருகி விட்டிருந்தது. வோல்ட் அளக்கிற மீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜ் கதவிலும் இன்னொன்றைக் குழாயடி ஈரத் தரையிலும் வைத்தேன், 210 வோல்ட் காட்டியது. அந்த அம்மா அன்றைக்கு ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அதனால் தூக்கிப் போட்டதோடு விட்டது. கட்டை விரலில் கொப்புளம் மட்டும்.

இன்னொரு தகவல். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடுகிற சுவிட்ச்) இருந்தால், அதைத் தாண்டி வருகிற லைனில் இந்த இணைப்பைக் கொடுத்ததும் அது அடிக்கடி விழ ஆரம்பிக்கும். அப்போது அதே ஆள், "இது சும்மா சும்மா விழுது, தொல்லை, கழற்றிடலாம்" என்பார். முதல் தப்பை மறைக்க இரண்டாவது தப்பு. அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் அளந்து பார்க்க வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், உரிமம் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். கார் பிளக் பாயின்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கடைசி அளவு இருபது, முப்பது, நாற்பது என்று ஏறி நிற்கும் என்பது என் ஊகம்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிற எர்த்தில்கூட அது 225 காட்டிவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் மீட்டரை நம்பாமல் 100 வாட் குண்டு பல்பை எடுத்து மெயினில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடிப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கலாகச் சிவந்து நின்றால் இல்லை. இப்போது எர்த் டெஸ்டர் கருவி இருக்கிறது. இரண்டு சின்ன இரும்பு முளைகளைத் தள்ளித் தள்ளி மண்ணில் அடித்து, எர்த்தின் தடையை ஓம் கணக்கில் சொல்லிவிடும். 5 ஓமுக்குக் கீழே இருந்தால் காருக்குப் போதும். நம் மண்ணில் ஒழுங்காகப் போட்டால் 2 ஓம்கூட வரும். டெஸ்டர் வைத்திருக்கிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள்.

அப்புறம் புதுக் குழி. பழையதைத் தேடித் தளத்தை உடைக்க வேண்டாம். முப்பது வருடத்துக் குழாய் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஷெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, தென்னை மரத்துப் பாத்திக்கு ஓரமாக இடம் பாருங்கள். தென்னைக்கு எப்படியும் தண்ணீர் விடப் போகிறீர்கள், எர்த்துக்கும் சேர்த்து விட்டதாக ஆகும். துவைக்கிற கல் பக்கமும் நல்ல இடம். செப்டிக் டேங்க்கை ஒட்டிப் போட வேண்டாம்.

எட்டிலிருந்து பத்தடி ஆழம். கைப்பம்பு இறக்குகிறவர்கள் திருகு ஆகர் வைத்து ஒரு மணி நேரத்தில் போட்டுவிடுவார்கள், நம் மண்ணில் பாறை எங்கே இருக்கிறது? எர்த்திங்குக்கென்று இருக்கிற ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நெறிமுறை, குழாய் எர்த்துக்கு 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) குழாயைச் சொல்கிறது. கடைக்காரர் நாலடி, ஐந்தடித் துண்டைக் காட்டினால் வாங்காதீர்கள். மேல் மண் நாலடி வரை கோடையில் காய்ந்துவிடும், ஈரம் அதற்குக் கீழேதான். கரி, உப்பு போட்டும் மூடலாம். ஆனால் உப்பு நாளாவட்டத்தில் குழாயையே தின்னும், மழையில் கரைந்தும் போகும். இப்போது பெண்டோனைட் என்கிற ஒரு வகைக் களிமண் கலந்த பொடி மூட்டையில் வருகிறது. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு களிம்பு மாதிரி குழாயைப் பிடித்துக்கொள்ளும், மண் வெடித்தாலும் இது விடாது. கொஞ்சம் கூடச் செலவு, கொடுக்கலாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று கடற்கரையை ஒட்டி இருக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நிலத்தடி நீரே உப்பு, ஜி.ஐ. குழாய் சீக்கிரம் அரித்துவிடும், செம்புப் பூச்சுள்ள கம்பியாகப் போடுங்கள். டீச்சர், உங்கள் ஊர் அவ்வளவு கிழக்கே இல்லை.

குழாயின் தலையில் வயரைச் சும்மா சுற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் துருப்பிடித்து இணைப்பு போய்விடும். போல்ட், நட், வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். அங்கிருந்து பச்சை நிறச் செம்பு வயர் நேராக மெயின் போர்டுக்கு வந்து, பழைய எர்த்தோடும் சேர வேண்டும். காருக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக விடாதீர்கள். குழிக்கு மேலே சின்னத் தொட்டி கட்டி ஒரு மூடி போட்டு வையுங்கள். மாசி முதல் மேட்டூர் திறக்கிற வரைக்கும் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். எல்லாம் சேர்த்து என் கணக்கில் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். கான்கிரீட் தளத்துக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட இருக்காது.

ஆள் வந்திருக்கும்போதே பிளக் பாயின்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஷெட்டுக்கு எங்கிருந்து லைன் எடுத்தார்கள் என்று எழுதவில்லை. வாசல் விளக்கு லைனிலிருந்து இழுத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், அப்படி நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். காருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., அதிலும் 'ஏ' டைப். சாக்கெட், சாதாரண ஏ.சி. பிளக்குக்குப் போடுகிறதைவிட நீலநிற மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் வகையாக இருந்தால் நல்லது. உங்கள் சார்ஜரின் பிளக் அதில் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் தரமான 16 ஆம்ப் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. கார் சார்ஜர் 14, 15 ஆம்ப் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். கிரைண்டர் அரை மணியில் ஓய்ந்துவிடும், ஏ.சி.கூட நடுநடுவே நிற்கும். இது நிற்காது. நாற்பது ரூபாய் சாக்கெட் என்ன ஆகும் என்றால், உள்ளே பித்தளை தளர்ந்து, சூடேறி, ஒரு நாள் பிளாஸ்டிக் உருகி பிளக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கையை எடுக்க வைத்தால் அணைத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை இப்படிப் பார்ப்பது நல்லது. சாக்கெட் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை கிராமத்து டிரான்ஸ்பார்மரில் எல்லா வீட்டு லோடும் சேர்ந்து வோல்டேஜ் இறங்கும். அப்போது சார்ஜ் போட்டால் மெதுவாகத்தான் ஏறும், அது கோளாறு இல்லை. பத்து மணிக்கு மேல் ஏறும்படி வண்டியிலோ ஆப்பிலோ நேரம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் 44 கிலோமீட்டருக்குத் தினம் ஐந்தாறு யூனிட்தான், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பில்லுக்கு வருவோம். 2024 ஜூலைக் கட்டணப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் இரண்டு விஷயம் நடக்கிறது. மேலே போகிற யூனிட்டுக்கு 8.40. அதோடு, கீழே 2.35 என்று இருந்த அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும், அதில் 235 ரூபாய் போய்விடும். நிறையப் பேருக்கு இது தெரியாது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048. ஒரே யூனிட்டில் 243 ரூபாய் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கார் கரண்ட்டைக் குடிக்கிறது என்று வீட்டில் பேச்சு வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீடு கார் இல்லாமல் 320 யூனிட் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், பில் 799 ரூபாய். இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர், சுவர் பிளக்கில் ஒரு யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் என்றால் 250 யூனிட். மொத்தம் 570, பில் 2,628. காருக்காகக் கூடியது 1,829. கிலோமீட்டருக்கு 91 காசு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் காரில் இதே தூரத்துக்கு 111 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 11,100. 500-ஐத் தாண்டுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், தாண்டட்டும். மாடியில் இடமிருந்தால் சூரியத் தகடு பற்றி யோசியுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பகலில் வண்டி பள்ளிக்கூடத்தில் நிற்கும் என்றாலும் நெட் மீட்டரில் (நீங்கள் ஈ.பி.க்குக் கொடுத்த கரண்ட்டை எடுத்ததில் கழிக்கிற மீட்டர்) கணக்கு நேராகிவிடும். சீக்கிரம் ஏற்றுகிற 7 கிலோவாட் சுவர் சார்ஜர் பெட்டி வாங்கச் சொல்லி யாராவது வந்தால் உங்கள் ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை. வாங்கினாலும் மும்முனை இணைப்பு, கூடுதல் மின்பளு என்று ஈ.பி. ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

புயல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த மாதிரி ஒரு நிலைமையில் மின்சாரக் கார் நான்கு நாள் ஓடும், அப்புறம் நிற்கும், அதை மறைத்துச் சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்த அன்றே நூறு சதவீதம் ஏற்றிவிட்டு, கேபிளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள், கஜாவில் கார்களை நசுக்கியது தென்னைதான். வாடகை ஜெனரேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அங்கேயும் இதே சிவப்பு விளக்குதான் மின்னும். சின்ன ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும், பெட்டி ஏற்றுக்கொள்ளாது. தெரிந்த ஆள் இருந்தால் முறைப்படி எர்த் கொடுத்து ஓட்டலாம், தெரியாதவர் கையில் விட வேண்டாம்.

மழைத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். இந்த வகை வண்டிகளில் பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐ.பி. 67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குகிற சோதனை. அதற்காக வாய்க்கால் உடைத்து ரோட்டில் ஓடும்போது உள்ளே விடாதீர்கள். ஷெட்டில் தண்ணீர் நிற்கும்போது சார்ஜும் போடாதீர்கள்.

புயலைவிட எனக்குப் பயம் எலி. அறுவடை முடிந்து வயலில் இரை இல்லாவிட்டால் எலி வீட்டுக்கு வரும், கார் பானெட்டுக்குள் இருட்டும் கதகதப்பும் அதற்குப் பிடிக்கும். பெட்ரோல் காரில் வயரைக் கடித்தால் சில நூறு ரூபாயில் போகும். இதில் ஆரஞ்சு நிறத் தடி கேபிளைக் கடித்துவைத்தால் செலவு பெரிது. அதில் 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும் என்பதால் நம் ஊர் மெக்கானிக் தொடவும் கூடாது. ஷெட்டில் நெல் மூட்டையும் வைக்கோலும் அடுக்காதீர்கள். வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள். இப்போது ரோட்டில் உளுந்துச் செடியும் எள்ளுச் செடியும் காயப் போட்டிருப்பார்களே, அதன்மேல் ஏறிப் போனால் வீட்டுக்கு வந்ததும் குனிந்து அடியில் பாருங்கள். சைலன்சர் சூடு இல்லாததால் இதில் தீப்பிடிக்கிற பயம் குறைவு, ஆனால் கொடி அச்சில் சுற்றிக்கொண்டு ரப்பர் உறையைக் கிழிக்கும்.

இந்தச் சனிக்கிழமையே ஆளை வரச் சொல்லுங்கள். வருவதற்கு முன் மாமனாரிடம் ஒன்று கேட்டு வையுங்கள். வீடு கட்டும்போது எர்த் குழி எந்த இடத்தில் போட்டார்கள், அடுப்படித் தண்ணீர் முன்பு எந்தப் பக்கம் போனது என்று அவருக்குத்தான் தெரியும். அதையும் அளந்த மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள்.